எஸ்டர்: பொருளும் பயன்பாடும்

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் அழகுபாண்டி நடத்திவந்த மைக் கம்பெனியின் பின்பக்க ஷெட் கதவில், சூப்பர்வைசர் தாமரைச்செல்வி தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் சாக்பீஸால் ஆறு சொற்களை எழுதினாள்.

“தின்னர். தீப்பிடிக்கும். நெருப்பு எதையும் பக்கத்தில் கொண்டுவராதே.”

அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மை என்றால் பேனாவுக்கு ஊற்றுகிற மை அல்ல. முறுக்கு, மிக்சர் பாக்கெட்டுகளின் மேல் பளபளவென்று அச்சடிக்கிற மை. அதைக் கரைக்க எத்தில் அசிடேட் என்று ஒரு திரவம் வேண்டும். எட்டு டிரம்களில் அது பின்பக்க ஷெட்டில் நிற்கும். கம்பெனிப் பெண்கள் ஆறு பேருக்கும் அது தின்னர். மூக்கைப் பொசுக்குகிற நாற்றம் இருந்தால் யாரும் கிட்டே போகமாட்டார்கள். இதுவோ பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி இனிப்பாக வாசம் அடிக்கும். மூடி லேசாகத் திறந்திருந்தால் போதும், ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து எங்கேயோ இருக்கிற நெருப்பைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். போன வருடம் வெல்டிங் வேலைக்கு வந்த ஆள் ஒருவர் பீடியோடு உள்ளே எட்டிப் பார்த்து, பாதி மீசையோடு வெளியே வந்தார். கம்பெனியே ஒரு வாரம் சிரித்தது. தாமரைச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கியவள் அவள். மீசையோடு போனது எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். பழைய ஆட்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒருத்தி வருவதும் போவதுமாக இருக்கிற இடத்தில், புதிதாக வருகிறவளை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். அந்தப் புதியவளுக்காகத்தான் ஆறு சொல் எழுதினாள்.

பத்தாம் நாள் ஜெயபாண்டி வந்தார். அவர் ‘அறிவியல் அருஞ்சொல் அறுதியிடு மன்ற’த்தின் கள ஆய்வாளர் என்று கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. ஊரில் எந்தெந்தப் பலகையில் எந்தெந்த அறிவியல் சொல் அனுமதி இல்லாமல் நடமாடுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஷெட் கதவின் முன்னால் நின்று ஆறு சொல்லையும் மூன்று முறை படித்தார்.

“இத எழுதுனது யாரு?”

“நாந்தான் சார்.”

“எந்த அகராதியப் பாத்து எழுதுனீங்க?”

“அகராதியா? உள்ள இருக்குறது தீப்பிடிக்கும் சார். அதான் எழுதுனேன்.”

“தீப்பிடிக்கிறது வேற விசயம்மா. நான் சொல்லப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். தின்னருங்கிறது கொச்சை. உள்ள இருக்குற சரக்கு என்ன வகை?”

“எஸ்டர் சார்.”

ஜெயபாண்டி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டை தடிமன், உள்ளே ஒரே தாள். மன்றம் இதுவரை அறுதியிட்ட சொற்கள் நான்கும் அதில் இருந்தன. எஸ்டர் இல்லை. அவர் வருத்தத்தோடு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, தன் கையாலேயே ஆறு சொல்லையும் துடைத்தார். நல்ல மனிதர், கதவில் வெள்ளைத் தடம்கூட இல்லாமல் சுத்தமாகத் துடைத்தார்.

“அப்ப இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன் சார்.”

“தமிழ்ல இல்லாத பலகைக்கு அபராதம் ரெட்டிப்பு.”

“ஒரு தீப் படமாச்சும் வரைஞ்சுக்கிறேனே?”

“படம் எங்க மன்றத்தோட வரம்புல வராது. பட மன்றம்னு ஒண்ணு அமைக்கணும்னு பேச்சு இருக்கு. இன்னும் அமைக்கல. அமைக்காத மன்றத்தோட அதிகாரத்துல நாங்க தலையிட்டா நல்லாயிருக்குமா, நீங்களே சொல்லுங்க.”

முதலாளி அழகுபாண்டி பயந்த சுபாவம். அதிகாரி வண்டி சந்து முனை திரும்பிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. “லைசென்ஸ்ல கை வச்சுருவாய்ங்கம்மா. ஒரே ஒரு சொல்லுதான? நீயே போயி வாங்கிட்டு வந்துரு” என்றார், ஏதோ சிம்மக்கல்லில் போய் ஒரு சிப்பம் வெல்லம் வாங்கி வரச் சொல்வதுபோல.

மன்றத்தின் சொந்தக் கட்டடம் அஸ்திவாரத்தோடு நின்றுவிட்டதால், நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் ஒரு கல்யாண மண்டபத்தில் மன்றம் நடந்துவந்தது. மண்டபத்துக்காரர் விவரமானவர். முகூர்த்த நாளில் மண்டபம் கல்யாணத்துக்கு, மற்ற நாளில் மன்றத்துக்கு என்று எழுதி வாங்கியிருந்தார். ஆகவே ஆடியிலும் மார்கழியிலும்தான் மன்றம் முழு மூச்சாக வேலை செய்யும். தாமரைச்செல்விக்கு இது தெரியாது. மாசி மாதத்தில் முதல் தடவை போனபோது வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனமும் கற்கண்டும் கொடுத்தார்கள். அரசு அலுவலகத்தில் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனாள். பந்தியில் உட்கார்ந்த பிறகு, பரிமாற வந்தவரிடம் “பொருள் பிரிவு எங்கண்ணே இருக்கு?” என்று கேட்டாள். அவர் இன்னொரு அப்பளம் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது தடவை முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனாள். மணமகள் அறையில் பொருள் பிரிவு இருந்தது. அதன் அலுவலர் முனைவர் மைத்ரேயி, சுற்றிலும் பல்பு எரிகிற அலங்காரக் கண்ணாடியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனு கொடுக்க வருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கெஞ்ச வேண்டும்.

“எஸ்டர்னா என்ன? சுருக்கமா, தெளிவா சொல்லுங்க.”

தாமரைச்செல்விக்கு உற்சாகம் வந்துவிட்டது. படித்ததை ஒருவர் கேட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. “ஒரு கரிம அமிலமும் ஒரு ஆல்கஹாலும் சேருது மேடம். சேரும்போது தண்ணி வெளிய போயிரும். மிச்சம் நிக்கிறது எஸ்டர். நெறையப் பழத்துல வர்ற வாசமே எஸ்டர்தான். எங்க டிரம்முல இருக்குறது அதுல ஒரு வகை. சட்டுன்னு தீப்பிடிக்கும்.”

மைத்ரேயி பச்சை மையில் எழுதிக்கொண்டே வந்து, பேனாவை வைத்தார்.

“அமிலமும் ஆல்கஹாலும் சேருதுன்னு சொல்றீங்க. எது எதோட சேருது? முன்னால நிக்கிறது எது? அதை முடிவு பண்ணாம எப்படிப் பொருள் எழுதறது? அடுத்தது, இந்தத் தண்ணி. தானாப் போகுதா, அனுப்பிடறாங்களா? ரெண்டு பேர் சேர்ந்ததும் மூணாவது ஆள் வீட்டை விட்டு வெளியேறினா, அது பொருள் விளக்கம் இல்லம்மா, குடும்பத் தகராறு. ஒரு துணைக்குழு போட்டுத்தான் ஆகணும்.”

“போடுங்க மேடம். எம்புட்டு நாள் ஆகும்?”

“உடனே போட்டுடலாம். ஆனா உயிரோட இருக்கற சொல்லுக்குத்தான் நாங்க பொருள் கொடுப்போம். எதிர் அறையில பயன்பாட்டுப் பிரிவு இருக்கு. இந்தச் சொல் வழக்கில் உயிரோடு இருக்குன்னு ஆயுள் சான்று வாங்கிட்டு வாங்க.”

எதிர் அறை மணமகன் அறை. பயன்பாட்டுப் பிரிவு அலுவலர் சுருளி, யாரோ ஒரு மாப்பிள்ளை கழற்றிப்போட்ட மாலையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். மனுவை வரி விடாமல் படித்தார். படித்து முடித்துத் தலையை ஆட்டினார்.

“குடுத்துரலாம்மா. ஆனா பொருள் பிரிவு கையெழுத்து எங்க?”

“ஆயுள் சான்று வந்தாத்தான் பொருள் குடுப்பாங்களாம் சார்.”

“அதெப்படி? பொருள் என்னன்னே தெரியாம ஒரு சொல்ல எவனாச்சும் பயன்படுத்துவானா?”

தாமரைச்செல்வி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த மன்றத் தலைவரின் தொடக்கவிழா உரையைப் பார்த்தாள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கென்றே ஒரு மண்டபம் கட்டி இரண்டு அறையிலும் ஆள் போட்டு வைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்ததில்லை.

சுருளி இரக்கப்பட்டார். அவர் எப்போதும் இரக்கப்படுகிறவர். “ஒரு வழி இருக்கு. மூணு சாட்சியம் வேணும். அச்சுல ஒண்ணு, மக்கள் பேச்சுல ஒண்ணு, அரசாங்க ஆவணத்துல ஒண்ணு. கொண்டாந்துட்டீங்கன்னா பொருளுக்குக் காத்திருக்காம நானே தற்காலிகச் சான்று போட்டுருவேன்.”

அச்சுக்குப் பள்ளிக்கூட வேதியியல் பாடநூலைக் கொண்டுபோனாள். எஸ்டர் என்று பக்கத்துக்குப் பத்து இடத்தில் இருந்தது. சுருளி தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “பாடநூல்ல இருக்குறது படிக்கிறதுக்கும்மா. பயன்படுத்துறதுக்கு இல்ல.” பிறகு அவரே மனம் இளகி, மன்றத்தின் காலாண்டு இதழில் ‘எஸ்டர் என்ற சொல் அச்சில் காணப்படவில்லை’ என்று ஒரு குறிப்பு வெளியிட்டு, அந்தக் குறிப்பையே அச்சுச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டார். தாமரைச்செல்வி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மக்கள் பேச்சைக் கேட்க மன்றத்திலிருந்து ஒரு வேனில் ஏழு பேர் கப்பலூருக்கு வந்தார்கள். அழகுபாண்டி இளநீர் வெட்டி வைத்திருந்தார். ஏழு பேரும் குடித்துவிட்டு, பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிற பாண்டியம்மாளை டிரம்முக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

“அம்மா, இது என்னன்னு சொல்லுவீங்க?”

“தின்னருங்கய்யா.”

“வேற பேரு ஏதும் சொல்லுவீங்களா?”

“கை தவறிக் கொட்டிருச்சுன்னா சனியன்னு சொல்லுவோம்.”

‘வழக்கில் இல்லை’ என்று ஏழு பேரும் எழுதிக்கொண்டார்கள். வேன் போனதும் தாமரைச்செல்வி பெண்களை உட்காரவைத்து, இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் எஸ்டர், எஸ்டர் என்று சொல்லப் பழக்கினாள். மறுபடி வேன் வந்தது. மறுபடி இளநீர். ஆறு பேரும் ஒரே குரலில் “எஸ்டர்” என்றார்கள். கூட வந்திருந்த மொழியியல் நிபுணர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இது பழக்கப்படுத்தப்பட்ட வழக்கு. இயல்பாக வாயில் வர வேண்டும். அச்சத்திலோ மகிழ்ச்சியிலோ தன்னை மறந்த நிலையில் வர வேண்டும்” என்றார். பாண்டியம்மாளுக்குக் கோபம். “தன்ன மறந்தா அய்யோன்னுதான சார் வரும்” என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இப்படியே சித்திரை போயிற்று, வைகாசி முகூர்த்தங்கள் போயின. புதிதாக ஒருத்தி வேலைக்கு வரும்போதெல்லாம் தாமரைச்செல்வி கேட்டிலேயே நிறுத்தி, கையைப் பிடித்து ஷெட்டுக்கு அழைத்துப் போய், “இங்க தீக்குச்சிகூடக் கொண்டு வரக் கூடாது” என்று வாயால் சொல்லி அனுப்பினாள். தனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற கவலையில் நான்கு மாதமாக ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஆனி மாதம் மன்றமே ஒரு பலகையை அனுப்பிவைத்தது. கனமான பித்தளைச் சட்டம், மேலே முத்திரை, நடுவே ஒன்றும் எழுதாத வெள்ளைத் தகடு. கூட ஓர் ஆணை: ‘பலகை இன்றி ஷெட் இயங்குவது குற்றம். அறுதியிடாச் சொல்லைப் பலகையில் எழுதுவது குற்றம். ஆகவே சொல் அறுதியிடப்பட்டுத் திரைநீக்கம் செய்யப்படும் வரை, வெற்றுப் பலகை உரிய இடத்தில் மஞ்சள் பட்டுத்துணியால் மூடி நிறுவப்பட வேண்டும்.’ பட்டுத்துணியையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். ஜரிகை வைத்த நல்ல பட்டு. ஜெயபாண்டி நேரில் வந்து, ஷெட்டுக்குள்ளே டிரம்களுக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாமரைச்செல்வி ஷெட்டுக்குப் போனபோது பட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

“யாருக்கா பொட்டு வச்சது?”

“நாந்தேன்” என்றாள் பாண்டியம்மாள். “பட்டுச் சாத்தி மூடி வச்சிருக்கு. பொட்டு வைக்காம எப்படித் தாயி சும்மா போறது?”

“அது சாமி இல்லக்கா, போர்டு. பூ பொட்டோட நிறுத்திக்கங்க. சூடம் கீடம் ஆகாது, ஆமா.”

“எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருசமா இங்கதான கெடக்கேன்” என்றாள் பாண்டியம்மாள். அது உண்மைதான். அவளுக்குத் தெரியும்.

ஆடி பிறந்தது. மண்டபத்தில் கல்யாணம் இல்லை. மன்றம் முழு மூச்சாக இறங்கியது. முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்டர் சொல்லின் இறுதி விசாரணை, மனுதாரர் நேரில் வரத் தவறினால் கோப்பு மூடப்படும் என்று கடிதம் வந்தது. அன்றைக்கென்று நாகஜோதி என்ற பெண்ணை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார் அழகுபாண்டி. ஆடியில் யாரும் புதிதாக எதையும் தொடங்கமாட்டார்கள். வீட்டில் அரிசி இல்லாதவளுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது. செக்கானூரணிப் பக்கத்துப் பெண், இருபத்து மூன்று வயது, இடுப்பில் ஒரு குழந்தை, பத்தாம் வகுப்பு வரை படிப்பு. அவளை எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருந்தது. தாமரைச்செல்வி ஒன்பது மணி வரை கேட்டில் நின்று பார்த்தாள். வரவில்லை. இனியும் நின்றால் விசாரணைக்குப் போய்ச் சேர முடியாது.

“புதுசா ஒரு பிள்ள வருது, முன்பக்கமே லேபிள் ஒட்டச் சொல்லுங்க. நான் வந்து ஷெட்டக் காட்டிக்கிறேன்” என்று பாண்டியம்மாளிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

மண்டபத்தில் மணமேடையில் குழு உட்கார்ந்திருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வாழ்த்துப் பாடினார்கள். தலைவர் முனைவர் சூரியபிரகாஷ், குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் அதே பொன்னாடையைத் தலைவருக்குப் போர்த்தினார்கள். மனுதாரர் விசாரணை முடியும் வரை நிற்க வேண்டும், கைப்பேசியை எடுக்கக் கூடாது என்பது விதி. தலைவர் பேசத் தொடங்கினார்.

“சொல் என்பது வெறும் ஒலியல்ல. அது ஒரு பொறுப்பு. இந்த மன்றம் பதினோரு ஆண்டுகளில் நான்கு சொற்களை அறுதியிட்டிருக்கிறது. நான்குதானா என்று கேட்கிறார்கள். நானூறு செய்திருந்தால் நாற்பதாவது தவறாகியிருக்கும். நான்கிலும் இன்றுவரை ஒரு தவறு கூட இல்லை. ஏன்? யாரும் அவற்றைப் பயன்படுத்தவில்லை. ஒரு சொல்லைக் காப்பாற்ற அதைவிடச் சிறந்த வழியை எனக்குக் காட்டுங்கள்!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தாமரைச்செல்வியின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

“அவசரம், அவசரம் என்கிறார் மனுதாரர். தீ விபத்து நேருமாம். நான் கேட்கிறேன், தமிழுக்கு நேர்கிற விபத்தை யார் அணைப்பது? ஒரு டிரம் எரிந்தால் இன்னொரு டிரம் வாங்கலாம். ஒரு தவறான சொல் புழக்கத்தில் விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியுமா? பொறுப்புள்ளவர்கள் டிரம்மைப் பார்ப்போமா, சொல்லைப் பார்ப்போமா?”

போன் மறுபடி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கைப்பையின் ஜிப் இடுக்கில் அழகுபாண்டியின் பெயர் மின்னி மின்னி அணைந்தது. அவள் கையைத் தூக்கினாள். குறுக்கே பேசக் கூடாது என்று மைத்ரேயி சைகை காட்டினார். அமிலம் முன்னால் நிற்கிறதா, ஆல்கஹால் முன்னால் நிற்கிறதா என்ற துணைக்குழு அறிக்கையை அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பக்கம். எட்டாவது அழைப்பு நின்றபோது தாமரைச்செல்விக்குப் புரிந்துவிட்டது. முதலாளி ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எட்டுத் தரம் கூப்பிடுகிற மனிதர் அல்ல. விதியாவது மண்ணாவது என்று மணமேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். மனுதாரர் அவையை விட்டு வெளியேறினார், கோப்பு மூடப்பட்டது என்று பின்னால் யாரோ வாசிப்பது கேட்டது.

நடந்தது இதுதான். பத்து மணிக்குமேல் நாகஜோதி வந்து சேர்ந்தாள். பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வரத் தாமதம். பாண்டியம்மாள் அவளை முன்பக்கமே உட்காரவைத்தாள். ஆடி வெள்ளிப் பூஜைக்கு நேரமானது. புதிதாக வந்த பெண், மங்களகரமாக இருக்கட்டும் என்று தட்டை அவளிடம் கொடுத்து, “முன்னாடி இருக்குற மிஷினுக்கெல்லாம் காட்டிட்டு வா தாயி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். நாகஜோதி மிஷின்களுக்குக் காட்டினாள். தட்டில் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தபோது பின்பக்க ஷெட் திறந்திருந்தது; உள்ளே உயரத்தில் மஞ்சள் பட்டு, சந்தனம், குங்குமம், வேப்பிலை மாலை. பழமும் பூவுமாகப் படையல் வைத்ததுபோல வாசம் வேறு. அத்தனை மிஷினுக்கும் காட்டிவிட்டு, பட்டுச் சாத்திய சாமிக்குக் காட்டாமல் திரும்புகிறவள் எப்படிப்பட்ட பெண்ணாக இருப்பாள்? அவள் நல்ல பெண். உள்ளே போனாள். அந்தக் கதவில் ஆறு சொல் இருந்திருந்தால் வாசலிலேயே நின்று படித்திருப்பாள். படிக்கத் தெரிந்தவள்தான்.

தாமரைச்செல்வி போய்ச் சேர்ந்தபோது நாகஜோதியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஷெட் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டியிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்து, செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடக்க, அவள் தொண்டை கிழியக் கத்தினாள்: “தண்ணி வேணாம்ணே! நுரை அடிங்க! உள்ள பூரா எஸ்டர்! எஸ்டர்!” வந்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே புரிந்தது. நுரை அடித்தார்கள். விபத்து அறிக்கையில் ‘எஸ்டர் வகைத் திரவம்’ என்று எழுதினார்கள்.

விசாரிக்க ஜெயபாண்டியும் வந்தார். பலகை உரிய இடத்தில் இருந்ததா? இருந்தது. பட்டால் மூடியிருந்ததா? மூடியிருந்தது. அறுதியிடாச் சொல் எங்காவது எழுதப்பட்டிருந்ததா? இல்லை. கம்பெனி மேல் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கருகிய சட்டத்தை ரசீது போட்டு வாங்கிக்கொண்டார். அழகுபாண்டி அதற்கு நன்றி சொன்னார். தாமரைச்செல்விக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பாண்டியம்மாள் மேல் கோபப்பட முயன்றாள். அவள் நான்கு நாளாகச் சோறு இறங்காமல் அழுதுகொண்டிருந்தாள். தன் மேல் கோபப்படுவதுதான் சுலபமாக இருந்தது. மன்றத்துக்குப் பயந்து அன்றைக்கு ஒன்பது மணிக்குக் கிளம்பிய தன் கால்களை நினைத்து நினைத்து ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்தாள்.

நாகஜோதிக்கு முகம் தப்பியது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிருந்தன. விரல்கள் மடங்குமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தாமரைச்செல்வி தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வந்தாள். குழந்தையைப் பாண்டியம்மாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சுருளி வார்டுக்குள் வந்தார். ஒரு கையில் சாத்துக்குடிப் பை, இன்னொரு கையில் பேப்பர் சுற்றிய பெரிய சட்டம். கட்டிலைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. மூக்கைச் சிந்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஒரு நல்ல சேதியோட வந்திருக்கேம்மா” என்றார்.

“என்ன சார்?”

“கோப்பத் திரும்ப எடுத்துட்டோம். விபத்து அறிக்கை அரசாங்க ஆவணம். அதுல சொல் இருக்கு. அன்னிக்கு நீங்க கத்துனத தீயணைப்புக்காரங்க வாக்குமூலமாக் குடுத்திருக்காங்க. அச்சத்துல, தன்னை மறந்து, இயல்பா வந்த வழக்கு. மொழியியல் நிபுணரே அசந்துட்டாரு. மூணு சாட்சியமும் ஆச்சு. சொல் அறுதியிட்டாச்சு!”

பேப்பரைப் பிரித்தார். புதிய பித்தளைச் சட்டம். நடுவே வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்தில் ‘எஸ்டர்’ என்று இருந்தது.

தாமரைச்செல்வி அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “தீப்பிடிக்கும்ங்கிறது எங்க சார்?”

“அது தனி மனு போடணும்மா. தீப்பிடிக்கிறது வேதியியல்ல வருதா, இயற்பியல்ல வருதான்னு இன்னும் முடிவாகல. அவசரப்பட வேணாம், இது வரைக்கும் வந்ததே பெரிசு.” ஒரு படிவத்தை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். “முதல் பயனாளி கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அறிக்கையில இந்தப் பிள்ள பேருதான் இருக்கு. கையெழுத்து இல்லேன்னா கைரேகை போதும்.”

சொன்ன பிறகுதான் அவர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள். சுருளி படிவத்தை மெதுவாக எடுத்து மடித்தார்.

“பரவால்ல, பரவால்ல. கை ஆறட்டும். அவசரமே இல்ல. கையெழுத்து ஆகுற வரைக்கும் பலகையத் திரையிட்டு வச்சுக்கலாம்னு விதி இருக்கு” என்று பைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பட்டுத்துணியை எடுத்து, சட்டத்தின் மேல் சுருக்கமில்லாமல் போர்த்தினார். சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சாத்துக்குடியை எப்படிப் பிழிந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகஜோதி சுவரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை.

“அக்கா.”

“என்னம்மா, தண்ணி வேணுமா?”

“அன்னிக்கு நான் சூடம் காட்டுன சாமி பேரு எஸ்டராக்கா?”

தாமரைச்செல்விக்கு எஸ்டரின் பொருள் தெரியும். பயன்பாடும் தெரியும்.

“நான் ஏதோ தப்பாக் காட்டிட்டேன் போலக்கா. அதான் கோவிச்சுக்கிருச்சு” என்றாள் நாகஜோதி. பட்டைப் பார்த்தபடியே கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி ஒன்றுசேர்க்கப் பார்த்தாள்.

“கைய அசைக்காத. அசைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிருக்காங்கள்ல” என்று தாமரைச்செல்வி அவசரமாக எழுந்து அந்தக் கைகளைத் தலையணை மேல் இறக்கி வைத்தாள்.